மூன்டாக்: நியூயார்க் நடைபாதையில் நின்ற இசையமைப்பாளர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்டாக் என்பவர் யார்?

இயற்பெயர் லூயி தாமஸ் ஹார்டின். 1916 மே 26 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மேரிஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். 16 வயதில் பார்வை போனது. 1943 கடைசியில் நியூயார்க் வந்து சேர்ந்து, ஏறக்குறைய 30 ஆண்டுகள் மன்ஹாட்டன் தெருக்களில் வாசித்தும் பாட்டு எழுதியும் விற்றும் வாழ்ந்தார். 1974இல் ஜெர்மனி போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1999 செப்டம்பர் 8 அன்று மியூன்ஸ்டர் நகரில் இறந்தார்.

கொம்பு வைத்த தலைக்கவசம், தரையைத் தொடும் போர்வை, கையில் ஈட்டி, நீண்ட தாடி. நியூயார்க்கில் அவரைப் பார்த்தவர்கள் மனதில் நின்றது இந்தத் தோற்றம்தான். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டது ஒன்றே ஒன்று: தன்னை ஓர் இசையமைப்பாளராக மதிக்க வேண்டும், தன் இசையை வாத்தியக் குழுக்கள் வாசிக்க வேண்டும். அந்தத் தோற்றம் அவருக்குக் கூட்டம் சேர்த்தது. அவர் எழுதிய இசையை மறைத்ததும் அதுதான் என்பது என் எண்ணம்.

அது என்ன பெயர், மூன்டாக்?

சிறுவயதில் மிசூரி மாநிலத்தின் ஹர்லி என்ற ஊரில் இருந்தபோது அவர் வளர்த்த நாய் ஒன்று நிலாவைப் பார்த்து ஓயாமல் ஊளையிடுமாம். அந்த நாயின் நினைவாக 1947இல் 'நிலா நாய்' என்று பொருள்படும் இந்தப் பெயரைத் தானே வைத்துக்கொண்டார். விளையாட்டாக வைத்த பெயர் இல்லை. தன் படைப்புகளில் எல்லாம் அந்தப் பெயரைத்தான் போட்டார், பின்னால் அதற்காக நீதிமன்றமும் ஏறினார். அந்தக் கதை கீழே வருகிறது.

பார்வை எப்படிப் போனது? இசைக்கு எப்படி வந்தார்?

இசை முதலில் வந்தது. அப்பா எபிஸ்கோபல் திருச்சபைப் பாதிரியார். குடும்பம் வயோமிங் பக்கம் இருந்தபோது, அராபஹோ பழங்குடி மக்களின் சூரிய நடனத்துக்குப் பையனை அழைத்துப் போனார். யெல்லோ காஃப் என்ற தலைவரின் மடியில் உட்கார்ந்து, எருமைத் தோல் கட்டிய பறையை அந்தச் சிறுவன் அடித்தான். அந்த அடி அவரை விட்டு நீங்கவே இல்லை. அறுபது வயதில் அவர் எழுதியதைக் கேட்டாலும் அடியில் ஒரு பறை, இதயத் துடிப்பு போல நிதானமாக ஒலித்துக்கொண்டே இருக்கும்.

1932 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். வழியில் கிடந்த ஒரு பொருளை எடுத்து என்னவென்று பார்த்துக்கொண்டிருந்தார். அது டைனமைட்டை வெடிக்க வைக்கும் கேப். கையிலேயே வெடித்தது. அதன் பிறகு அவர் எதையும் பார்க்கவில்லை.

அவருடைய அக்கா ரூத் தினமும் உட்கார்ந்து அவருக்குப் புத்தகங்கள் படித்துக் காட்டினார். தத்துவம், அறிவியல், புராணம் என்று பலவும். அப்படிக் கேட்ட ஒரு நாவலில் வந்த இசைக் கலைஞர்களின் வாழ்க்கைதான் இசையமைப்பாளர் ஆகும் ஆசையைக் கிளப்பியது. அதன் பின் ஐயோவா பார்வையற்றோர் பள்ளியில் பிரெய்லி இசைக்குறிப்பு கற்றார். பல விஷயங்களைத் தானே படித்துக்கொண்டார், ஒத்திசை விதிகளைக் கூட பிரெய்லிப் புத்தகங்களிலிருந்து. பெரிய கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது.

தெருவில் நின்றார் என்றால் வீடில்லாதவரா?

இல்லை. இது அவரைப் பற்றிப் பரவிய தவறான செய்திகளில் முதலாவது. சில காலம் தெருவில் படுத்ததும் உண்டு. ஆனால் பெரும்பாலான ஆண்டுகள் ஏதோ ஓர் அறை இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், கேண்டர் என்ற சிற்றூரில் காட்டுக்குள் ஒரு சிறு வீடும் வைத்திருந்தார். திருமணமும் செய்துகொண்டார், ஜூன் என்ற மகள் பிறந்தாள். கணவனாக, தகப்பனாக, சம்பாதிக்க வேண்டியவராக நடைபாதைக்கு வந்து நின்றார்.

அவருடைய இடம் ஆறாவது அவென்யூ, 52ஆவது தெருவுக்கும் 55ஆவது தெருவுக்கும் நடுவில். பிற்காலத்தில் 54ஆவது தெரு முனையை ஜனங்கள் 'மூன்டாக் முனை' என்றே சொன்னார்கள். அங்கே வாசிப்பார், அல்லது சும்மா நிற்பார். தான் எழுதிய ஈரடிக் கவிதைகளையும் இசைக்குறிப்புத் தாள்களையும் விற்பார். வாங்கிய பலருக்கும், தாங்கள் ஒரு சிம்பொனி எழுதியவரிடம் சில்லறை கொடுக்கிறோம் என்று தெரியாது.

இதில் என்னை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் இயங்கிய சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தின் கட்டடம் 1960களின் நடுவில் அதே ஆறாவது அவென்யூவில், 52ஆவது தெரு முனையில் எழுந்தது. தன் இசையைப் பதிவு செய்யக்கூடிய நிறுவனத்தின் வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் அவர் ஆண்டுக்கணக்கில் நின்றார். உள்ளேயிருந்து அழைப்பு வர 1969 ஆனது.

வைக்கிங் வேஷம் எதற்கு?

அவருக்கு அது வேஷம் இல்லை. முதலில் சாதாரணமான நீண்ட அங்கியும் தாடியுமாகத்தான் இருந்தார். இயேசு போல இருக்கிறீர்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. கிறிஸ்தவத்தை விட்டு விலகி, வட ஐரோப்பியப் பழங்கதைகளில் ஆழ்ந்திருந்தார். ஓடின், தோர் என்ற அந்தத் தெய்வங்களின் உலகம்தான் தன் முன்னோர் உலகம் என்று நம்பினார். அதற்கேற்ற உடையைச் சதுரத் துண்டுகளாகத் தோலையும் துணியையும் வெட்டித் தானே தைத்துக்கொண்டார்.

தன் உடையைத் தானே பார்க்க முடியாத ஒருவர் அத்தனை கவனமாக அதைத் தைத்திருக்கிறார் என்பதை நான் அடிக்கடி நினைப்பேன். கவனத்தை ஈர்க்க ஒரு வழி என்றும் அவருக்குத் தெரிந்திருக்கும். வழி தட்டிப் பார்க்கும் கோலை ஊன்றி நடந்துபோகும் பார்வையற்ற ஒருவரை அந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஈட்டி பிடித்தவரைப் பார்ப்பார்கள். ஆனால் பார்த்தவர்கள் பெரும்பாலும் பார்த்ததோடு நின்றுவிட்டார்கள்.

அவர் இசை எப்படி இருக்கும்?

முதல் முறை கேட்கும்போது எளிமையாக இருக்கும், குழந்தைப் பாட்டு போல. ஒரு சின்ன மெட்டு வரும். சற்றுத் தள்ளி இன்னொரு குரலோ வாத்தியமோ அதே மெட்டை முதலிலிருந்து தொடங்கும். அப்புறம் மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றும் தன் வழியில் ஓடிக்கொண்டே மற்றதோடு இடிக்காமல் பொருந்தும். மேற்கத்திய இசையில் கேனன் என்பது இதுதான். ஜெர்மன் இசை மேதை பாக் காலத்து விதிகள் இவை, மிகவும் கறாரானவை. மூன்டாக் அந்த விதிகளை மீறியதில்லை. விதியை ஒரு சுரம் மீறினாலும் தன் குறிப்பைத் திருத்திவிடுவார். சுற்றிலும் எல்லோரும் பழைய விதிகளை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், தெருவில் நின்ற அந்த 'விசித்திரமான' ஆள்தான் அவர்களில் மிகப் பழமைவாதி.

தாளத்தில்தான் புதுமை. அவர் அதற்குப் 'பாம்பு நேரம்' என்று பெயர் வைத்தார். நெளிந்து நெளிந்து போகும் தாளம் என்ற பொருளில். மேற்கத்திய ஜனரஞ்சக இசை பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் ஓடும்போது, இவர் ஐந்திலும் ஏழிலும் எழுதினார். நாலுக்கு நாலில் நான் சாகப் போவதில்லை என்கிற அர்த்தத்தில் பேசியும் இருக்கிறார். நம் காதுக்கு இது அந்நியமே இல்லை. 'தகதகிட' என்று கண்ட சாபுவையும் 'தகிட தகதிமி' என்று மிஸ்ர சாபுவையும் கேட்டு வளர்ந்தவர்கள் மூன்டாக்கைக் கேட்டால் தடுமாற மாட்டார்கள், கை தானாகத் தாளம் போடும். 1950இல் நியூயார்க்கில் அது விநோதமாகப் பட்டது.

வாத்தியங்களையும் தானே செய்தார். 'டிரிம்பா' என்பது முக்கோண வடிவ மரப் பறை. ஒரு கையில் கிலுகிலுப்பை போன்ற மராக்காஸ், மறு கையில் குச்சி. 'ஊ' என்று முக்கோண வடிவில் ஒரு சிறு நரம்பு வாத்தியம். டிரிம்பாவை அவரிடமே நேரில் கற்ற சுவீடன் நாட்டுக்காரர் ஸ்டீபன் லகாடோஸ், அந்த வாசிப்பை மேடைகளில் தொடர்ந்து காப்பாற்றி வந்தார்.

தெருச் சத்தமும் அவர் இசையில் உண்டு. 1950களின் இசைத்தட்டுகளில் கார் ஹாரன், கப்பலின் ஊதல், நடைபாதைப் பேச்சு எல்லாம் பின்னால் கேட்கும்.

பார்வையில்லாமல் வாத்தியக் குழுவுக்கு எப்படி எழுதினார்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது என் குறை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பார்வையுள்ள இசையமைப்பாளர் ஒருவர் முழுக் குறிப்பை எழுதும்போது எல்லா வாத்தியங்களும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். வயலின் இந்த இடத்தில் இருக்கும்போது புல்லாங்குழல் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிரெய்லியில் அது முடியாது. ஆறு புள்ளிகளைக் கொண்டு, ஒரு வரியாக, விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். ஒரு வாத்தியத்தின் பகுதியை முழுசாக எழுதி முடித்த பிறகுதான் அடுத்தது. அவை எப்படிச் சேரும் என்பது முழுக்க மனதுக்குள் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு குரல்கள் சேரும் கேனனையும் மூன்டாக் அப்படித்தான் எழுதினார்.

எழுதும் விதத்தையும் நினைத்துப் பாருங்கள். சட்டத்தில் தாளை வைத்து ஊசிக் குச்சியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். தாளின் பின்பக்கம்தான் புள்ளி எழும் என்பதால், வலமிருந்து இடமாக, எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக் குத்த வேண்டும். அவர் இதைப் பல நாள் நடைபாதையில், கடை வாசற்படியில், போர்வைக்கு அடியில் மடியில் வைத்துச் செய்தார்.

எழுதிய பிறகுதான் பெரிய தடை. எந்த வாத்தியக் கலைஞரும் பிரெய்லி படிக்க மாட்டார். பார்வையுள்ள ஒருவரை உட்கார வைத்து, சுரம் சுரமாகச் சொல்லிச் சாதாரணக் குறிப்பில் எழுத வைக்க வேண்டும். அதற்குக் காசு வேண்டும். சில்லறையில் வாழ்ந்தவரிடம் காசு ஏது? ஆகவே அவருடைய நிறைய இசை புள்ளித் தாள்களாகவே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. திறமை இருந்தது, உழைப்பு இருந்தது, இசை எழுதியும் ஆகிவிட்டது. ஆனாலும் வாசிக்க யாரிடமும் கொடுக்க முடியவில்லை. அங்கீகாரம் ஏன் தாமதமானது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது தலைக்கவசத்தை இல்லை, இந்தச் செலவை.

ரேடியோ அறிவிப்பாளர் மீது வழக்குப் போட்டார் என்கிறார்களே?

ஆமாம், ஜெயித்தார். கிளீவ்லாந்து நகர வானொலியில் ஆலன் ஃபிரீட் என்ற அறிவிப்பாளர் 1951இலிருந்து இரவு நிகழ்ச்சி நடத்தினார். மூன்டாக்கின் 'மூன்டாக் சிம்பொனி' இசைத்தட்டைத் தொடக்க இசையாகப் போட்டுக்கொண்டு, நிகழ்ச்சிக்கும் தனக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். 1952 மார்ச்சில் கிளீவ்லாந்தில் அவர் நடத்திய 'மூன்டாக் முடிசூட்டு நடனம்' முதல் ராக் அன்ட் ரோல் கச்சேரி என்று இன்றைக்கும் சொல்லப்படுகிறது. ஃபிரீட் 1954இல் நியூயார்க் வானொலிக்கு மாறி, அங்கேயும் அதே பெயரில் பேசத் தொடங்கியதும் உண்மையான மூன்டாக் நீதிமன்றம் போனார்.

தெருவில் நிற்கும் பார்வையற்ற ஒருவர் ஒரு பக்கம், நாடெங்கும் புகழ் பெற்ற வானொலிக்காரர் மறுபக்கம். அந்தப் பெயரில் இசை வெளியிட்டு வருபவர் இவர்தான் என்று நீதிமன்றம் ஏற்றது. பெயரை ஃபிரீட் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பானது, ஏறத்தாழ 6,000 டாலர் இழப்பீடும் கிடைத்தது. ஃபிரீட் தன் நிகழ்ச்சிக்கு 'ராக் அன்ட் ரோல் பார்ட்டி' என்று பெயர் மாற்றினார்.

பணத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது, மூன்டாக் ஒரு தொழில்முறைக் கலைஞர் என்று ஓர் அரசு அமைப்பு எழுத்தில் ஒப்புக்கொண்ட முதல் தருணம் அது என்பது.

பெரிய இசைக் கலைஞர்கள் அவரை மதித்தார்களா?

மதித்தார்கள், தொடக்கத்திலிருந்தே. நியூயார்க் வந்த புதிதில் கார்னகி ஹால் வாசலில் நின்றபடி இருந்தவரை, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் நடத்துநர் ஆர்தர் ரோட்ஜின்ஸ்கி ஒத்திகைகளுக்கு உள்ளே அனுமதித்தார். ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் தெருவில் நின்று இவரோடு பேசுவார், சேர்ந்து ஓர் இசைத்தட்டு செய்யலாம் என்ற பேச்சும் இருந்தது. 1955இல் பார்க்கர் இறந்துபோனதால் நடக்கவில்லை. 1957இல் ஜூலி ஆண்ட்ரூஸோடு ஒரு குழந்தைப் பாடல் இசைத்தட்டில் பங்கு கொண்டார். 1967இல் ஜானிஸ் ஜாப்ளின் பாடிய குழு தன் முதல் இசைத்தட்டில் இவருடைய 'ஆல் இஸ் லோன்லினெஸ்' பாட்டைச் சேர்த்தது.

1960களின் கடைசியில் இளைஞராக இருந்த இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ், தங்க இடம் இல்லாமல் இருந்த மூன்டாக்கைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஏறக்குறைய ஓர் ஆண்டு அங்கே இருந்தார். கிளாஸ், ஸ்டீவ் ரைக், ஜான் கிப்சன் மூவரும் மூன்டாக்கோடு உட்கார்ந்து அவருடைய கேனன்களைப் பாடிப் பதிவு செய்தார்கள்.

1969இல்தான் பெரிய வாசல் திறந்தது. கொலம்பியா நிறுவனத்துக்காக ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ தயாரிக்க, பெரிய வாத்தியக் குழுவோடு 'மூன்டாக்' இசைத்தட்டு வந்தது. அவருக்கு 53 வயது. தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததை அத்தனை வாத்தியங்களில் வெளியே கேட்க அத்தனை காலம் ஆனது. 1971இல் இரண்டாவது வந்தது, அதில் மகள் ஜூனும் பாடினாள்.

மினிமலிசத்தின் தந்தை அவர்தானா?

சின்ன மெட்டுகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுக் கட்டும் இசைப் பாணிதான் மினிமலிசம். அதில் பெயர் பெற்ற கிளாஸும் ரைக்கும் அவரிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்டாக் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப வரும் மெட்டு பாக்கிடமே இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அவர் சொல்வது சரி என்றே படுகிறது.

அவரிடம் குறையே இல்லையா?

இருந்தது, மறைக்கக் கூடாது. பழைய வட ஐரோப்பாவின் மீது வைத்த பக்தியோடு யூத வெறுப்பும் இன ஏற்றத்தாழ்வு எண்ணமும் சேர்ந்திருந்தன. அவரைத் தன் வீட்டில் தங்க வைத்த கிளாஸே யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அவர்தான் இதைப் பதிவும் செய்திருக்கிறார். அராபஹோ பறையில் இசையைத் தொடங்கி, கறுப்பின ஜாஸ் கலைஞர்களை மதித்து அவர்களுக்காக இசை எழுதிய மனிதரிடம் இந்த எண்ணங்கள் இருந்தது எனக்கு வலிக்கிறது. அவர் மேல் எனக்குள்ள அன்பு இந்த விஷயத்தில் எந்தச் சமாதானமும் சொல்லவிடாது.

1974இல் அவர் இறந்துவிட்டதாக ஏன் நினைத்தார்கள்?

ஒரு நாள் முனையில் ஆளைக் காணோம், அவ்வளவுதான். 30 ஆண்டுகள் நின்றவர் இல்லையென்றால் செத்துவிட்டார் என்றுதான் ஊர் நினைத்தது. உண்மையில் பிராங்பர்ட்டில் கச்சேரிக்கு அழைப்பு வந்து ஜெர்மனி போயிருந்தார். பாக்கும் பீத்தோவனும் பிறந்த மண் என்று அங்கேயே இருந்துவிட்டார். முதலில் அங்கேயும் தெருவில்தான் நின்றார். ரெக்லிங்ஹவுசன் நகரில் அவரைக் கண்ட இலோனா கோபெல் என்ற மாணவி தன் குடும்பத்தின் வீட்டுக்கு, ஓயர்-எர்கென்ஷ்விக் என்ற ஊருக்கு அழைத்துப் போனார்.

அவர் வாழ்க்கை திரும்பியது இங்கேதான். இலோனா பிரெய்லி இசைக்குறிப்பைக் கற்றார். நியூயார்க்கில் காசில்லாமல் தேங்கிய அந்த வேலையை, சுரம் சுரமாகச் சாதாரணக் குறிப்புக்கு மாற்றும் வேலையை, இலோனா ஆண்டுக்கணக்கில் செய்தார். படைப்புகளை வெளியிட்டார், கச்சேரிகளை ஏற்பாடு செய்தார். ஈட்டியும் தலைக்கவசமும் மெல்லக் கழன்றன. பிற்காலப் படங்களில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தாத்தாவைத்தான் பார்க்கலாம். தன் குறிப்புகளை எழுதிக்கொடுக்க ஒரு கை கிடைத்ததும் அவருக்கு அந்த ஈட்டி தேவைப்படவில்லை.

கடைசியில் அங்கீகாரம் கிடைத்ததா?

கிடைத்தது, அவர் உயிரோடு இருக்கும்போதே. 1989இல் நியூ மியூசிக் அமெரிக்கா விழாவுக்காக நியூயார்க் திரும்பினார், 15 ஆண்டுகள் கழித்து. அங்கே அவருடைய இசையை புரூக்ளின் ஃபில்ஹார்மோனிக் சேம்பர் குழு வாசித்தது. நடுமேடையில் குச்சியோடு நிற்க மறுத்து, ஓரத்தில் உட்கார்ந்து பறையை அடித்தே தாளம் காட்டினார். 1995இல் லண்டன் மெல்ட்டவுன் இசை விழாவுக்கு அழைக்கப்பட்டார். சாக்ஸபோன் குழுவுக்காக எழுதிய 'சாக்ஸ் பாக்ஸ் ஃபார் எ சாக்ஸ்' 1990களில் வந்தது. 1999 ஆகஸ்டில் பிரான்சின் ஆர்ல் நகரில் கடைசிக் கச்சேரி. அடுத்த மாதம் போய்விட்டார். மியூன்ஸ்டரில் உள்ள அவர் கல்லறையை வடிவமைத்தவர் ஓவியர் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ்.

அதே 1999இல் இங்கிலாந்தின் இசைக் கலைஞர் மிஸ்டர் ஸ்கிரஃப், மூன்டாக்கின் 'பேர்ட்ஸ் லமென்ட்' துண்டை எடுத்து ஒரு நடனப் பாட்டில் கோர்த்தார். அது கார் விளம்பரங்கள் வரை போனது. மூன்டாக் என்ற பெயரே தெரியாமல் அவர் மெட்டை முணுமுணுப்பவர்கள் இன்று ஏராளம்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1969 இசைத்தட்டிலிருந்து 'பேர்ட்ஸ் லமென்ட்'. சார்லி பார்க்கரின் செல்லப்பெயர் 'பேர்ட்'. அவர் நினைவாக எழுதியது. இரண்டு நிமிடம் கூட இல்லை. அடியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வர, மேலே சாக்ஸபோன் ஒவ்வொன்றாகச் சேரும். இரங்கல் இசைதான், ஆனால் நடக்கத் தூண்டும். அதற்கடுத்து அதே தட்டில் 'ஸ்டாம்பிங் கிரவுண்ட்'. பிறகு 1950களின் பழைய பதிவுகளுக்குப் போங்கள், அங்கேதான் டிரிம்பாவும் தெருவும் இருக்கின்றன. ஜெர்மனிக் காலத்துக்கு 1978இல் வந்த 'ஹார்ட் சாங்ஸ்'; அதில் அவரே பாடுகிறார், வயதான, நிதானமான குரலில். முதல் முறை கேட்கும்போது படங்களைத் தேடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.